ஒரே நேரத்தில் திறக்காத கதவுகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், என் பெண், மாடி வீட்டுத் தையற்காரி, பக்கத்து வீட்டு வங்கிக்காரர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மறுநாளே தெருவில், எங்கள் வீட்டில் பெரிய கூட்டம் கூடியதாகப் பேச்சு வந்துவிட்டது.

வங்கிக்காரர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைவழி. ஒரு ஆள் மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறான். தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கதவில் காதை வைக்கிறான். பிறகு மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். அவ்வளவுதான். எனக்கு முதுகில் ஈரத்துணி போட்டதுபோல இருந்தது.

"எங்க பாத்தாலும் திருட்டு, இதே கதைதான். முன்னெல்லாம் இப்படியா இருந்துச்சு?" என்றார் வங்கிக்காரர். உன் அத்தான் குற்றப் பதிவு அலுவலகத்தில் காவல் நிலையங்களிலிருந்து வரும் கணக்கைக் கூட்டுகிறவர் அல்லவா, "போன வருஷத்தைவிடக் குறைஞ்சுதான் இருக்கு" என்றார். அதற்குத் தையற்காரி, "உங்க ஆபீஸ்ல எல்லாமே குறைச்சல்தான், வேலை உட்பட" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் மாடிக்குப் போகும்போது என் பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

நீ லிஃப்ட் பழுதுபார்க்க எத்தனையோ கட்டடங்களுக்குள் போகிறவன். நிஜமாகவே குற்றம் கூடிவிட்டதா? உன் கண்ணில் பட்டதை எழுது. முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் மனைவி, நம் மருந்துக்காரி, இன்னும் மாலை நேரத்தில்தான் மருந்துக் கடை வேலைக்குப் போகிறாளா? நான் கேட்டதாகச் சொல்.

காலைப் பிரார்த்தனையில் உங்கள் இருவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

முட்டி பரவாயில்லை. அத்தானையும் பெண்ணையும் விசாரித்ததாகச் சொல்.

அந்த வீடியோ எனக்கும் வந்தது. ஒரே நாளில் நாலு பக்கமிருந்து வந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது ஒவ்வொரு மாடிப் பேச்சும் காதில் விழும். எல்லா மாடியிலும் இப்போது இதே பேச்சுதான். இத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? அத்தானின் கணக்கு காகிதத்தில் இருப்பது. இது கண்ணால் பார்ப்பது.

வாசலில் இருக்கும் மரக்கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கதவு போட்டிருக்கிறேன். அதற்கு மேலே கேமரா. நீயும் போட்டுக்கொள்.

தம்பி

அண்ணி, தாளின் அடியில் எனக்கும் கொஞ்சம் இடம் மிச்சம் வச்சிருக்கார். உங்க தம்பி இப்ப குளிக்கப் போனாலும் போனோடதான் போறார். சோப்பை மறந்துட்டுத் திரும்பி வர்றார். இரும்புக் கதவு வந்ததிலிருந்து பால்காரர், "உள்ள என்னங்க வச்சிருக்கீங்க, தங்கமா?"ன்னு கேக்கறார். என்னைத்தான் வச்சிருக்காருன்னு சொன்னேன்.

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவன் கிருபையில் இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை. மருந்துக்காரி எழுதியதைப் படித்து அத்தான் சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது என்று அவளிடம் சொல்.

அந்த வீடியோவின் முழு நீளத்தை என் பெண் தேடி எடுத்துவிட்டாள். அவன் பார்சல் கொண்டுவந்து கொடுக்கிற பையன். மணி வேலை செய்யவில்லை. உள்ளே ஆள் வருகிறார்களா என்று காதை வைத்துக் கேட்கிறான். வீட்டுக்காரி கேமரா வழியாக ஏதோ சொல்கிறாள், அதனால்தான் திரும்பிப் பார்க்கிறான். பிறகு கதவு திறக்கிறது, ஒரு குழந்தை பெட்டியை வாங்கிக்கொள்கிறது, அவன் டாட்டா காட்டிவிட்டுப் போகிறான். யாரோ நடுவிலே மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆனால் வீட்டுக் கணக்கு எழுதத் தெரியும். வாங்கின ஒரே எண்ணெய் டப்பாவை நானும் எழுதி, அத்தானும் எழுதி, பெண்ணும் எழுதினால் தாளில் மூன்று டப்பா இருக்கும். அலமாரியில் இருப்பது ஒன்றுதான். உனக்கு நாலு பக்கமிருந்து வந்ததும் ஒரே ஆள்தான் தம்பி. அவனும் திருடன் இல்லை.

மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இருவரும் ஒருநாள் இங்கே வந்து இருந்துவிட்டுப் போங்கள்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நீ பார்த்தது வேறு ஆள். எனக்கு முதலில் வந்ததில் அவன் நடைவழியின் கடைசியில் நின்றான். அடுத்து வந்ததில் படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டான். நேற்று வந்ததில் அவன் காது வைத்திருக்கும் கதவு எங்கள் கதவின் நிறம்.

அத்தானிடம் ஒன்று கேள். அவர் கணக்கில் வருவது யார்? போய்ப் புகார் சொன்னவர்கள் மட்டும். சொல்லாதவர்களை யார் கூட்டுவது?

மருந்துக் கடையில் புகுந்து அடிக்கிற வீடியோ ஒன்று வந்தது. அவளுடைய கடை மாதிரியே இருந்தது. வேலையை விடச் சொல்லிவிட்டேன். கதவுகளையும் சரிசெய்துவிட்டேன். மரக்கதவை எடுத்துவிட்டு, ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு, உள்ளேயும் ஒரு இரும்புக் கதவு போட்டேன். லிஃப்டில் ஒரு ஏற்பாடு உண்டு, ஒரு கதவு சரியாக மூடாவிட்டால் மற்றது அசையாது. அதையே இங்கே வைத்திருக்கிறேன். உள்கதவு மூடினால்தான் வெளிக்கதவு திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காது. என் தொழிலில் இதைவிடப் பத்திரமான வேலையை நான் செய்ததில்லை.

தம்பி

அண்ணி, எங்க வீடே இப்ப லிஃப்ட் ஆயிடுச்சு. எந்த மாடிக்கும் போகாத லிஃப்ட். உள்ள பட்டன் கிடையாது. கடையில எனக்குப் பதிலா யார் நிக்கறாங்கன்னு தெரியல. இருமல் மருந்து அலமாரியில எது எங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு இருமல் வந்துவிட்டது. மற்றபடி குறையில்லை.

சொல்லாதவர்களை யார் கூட்டுவது என்று கேட்டாய். அத்தானிடம் கேட்டேன். "நியாயமான கேள்விதான். எங்ககிட்ட வர்றதைத்தான் நாங்க கூட்டறோம்" என்றார். சரி, நாமே கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். தெருவில் வீடுவீடாகப் போய், "கேள்விப்பட்டதைச் சொல்லாதீங்க, உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க" என்று கேட்டேன். எல்லோரும் பின் தெருவைக் காட்டினார்கள். பின் தெருவுக்குப் போனேன். அவர்கள் எங்கள் தெருவைக் காட்டினார்கள். ஒரு அம்மாள் அடையாளமே சொன்னாள்: முன் தெருவில், மாடியில் தையல் மெஷின் ஓடுகிற வீட்டில், கத்தியைக் காட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, என்று. அது எங்கள் வீடு தம்பி. "அது எங்க வீடுதாங்க. அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "உங்ககிட்ட மறைச்சிருப்பாங்க" என்றாள்.

திரும்பி வரும்போது என் வீட்டு வாசலில் கால் வைக்க எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

நிஜமாக நடந்தது ஒன்றே ஒன்று கிடைத்தது. தையற்காரியின் கைப்பையை பஸ்ஸில் யாரோ எடுத்துவிட்டார்கள். அவள் புகார் கொடுக்கவில்லை. அது அத்தானின் கணக்கிலும் இல்லை, எந்த வீடியோவிலும் இல்லை. ஆகவே கூடிவிட்டது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. குறைந்துவிட்டது என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

தெரியாத ஒன்றுக்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தலாமா? நீ வெளியே போகும்போது சாவி யாரிடம் இருக்கிறது? அவள் போன் எப்போது அடித்தாலும் அணைத்தே இருக்கிறது. மற்றதை விடு, இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

மே 18

அன்புள்ள அக்கா,

எழுத நாளாகிவிட்டது. வெளிவேலைகளைக் குறைத்துக்கொண்டேன். அவள் பத்திரமாக இருக்கிறாள்.

போனைப் பற்றிக் கேட்டாய். இப்போது குரலைத் திருடுகிறார்கள். சொந்தக்காரர்களின் குரலிலேயே பேசிக் கதவைத் திறக்க வைக்கிறார்கள். அதற்கும் வீடியோ வந்திருக்கிறது. சென்ற வாரம் எனக்கு உன் குரலில் ஒரு அழைப்பு வந்தது. "அவகிட்ட போனைக் குடுடா, ஒரு வார்த்தை பேசணும்" என்றது. நீ மூச்சு விட்டு விட்டுப் பேசுவாயே, அப்படியே பேசியது. கடைசியில் அழுதது. எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்தேன்.

இனி கடிதம் மட்டும்தான். உன் கையெழுத்தை யாராலும் போட முடியாது.

சாவி என்னிடம்.

தம்பி

மே 24

தம்பிக்கு,

அழுதது நான்தான்.

அது எந்தத் திருடனும் இல்லை. உன் கூடப் பிறந்தவள். என் குரலை உனக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் உனக்கு உடம்பு சரியில்லை. வைத்தியரிடம் போக வேண்டும். அத்தான் கூட வருவார்.

உன் கடிதத்தின் அடியில் வெள்ளையாக இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மருந்துக்காரி ஏன் எழுதவில்லை? அவள் என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள் என்று எழுது. பத்திரமாக இருக்கிறாள் என்பது பதில் இல்லை. நகையைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்கா,

அத்தானை அனுப்ப வேண்டாம். அவர் கையெழுத்து எனக்குப் பழக்கமில்லை. நீ கேட்டபடி அவளை எழுத வைத்திருக்கிறேன்.

தம்பி

நான் பாதுகாப்பாக இருக்கிறேன். வெளியே நிலைமை சரியில்லை. தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஜூன் 20

தம்பிக்கு,

எழுத்து அவளுடையது. பேச்சு அவளுடையது இல்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமுறைகூட "தாங்கள்" என்றதில்லை. அண்ணி என்ற சொல் இல்லாமல் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை.

வரும் சனிக்கிழமை நான் வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன். கதவை அவள் திறக்க வேண்டும்.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்கா,

நீ சனிக்கிழமை வருவதாக எழுதியதை அவர்களும் படித்துவிட்டார்கள். நல்லவேளை, நீ வரவில்லை. உன் முகத்தோடு ஒருத்தி வந்தாள்.

கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் உயரம், உன் பச்சைக் குடை. படியேறி வந்ததும் இடுப்பில் கை வைத்து நிற்பாயே, அதுகூட. "நான்தாண்டா, கதவைத் திற" என்றாள். சின்ன வயதில் தொற்றுக் காய்ச்சல் என்று என்னைத் தனி அறையில் வைத்திருந்தபோது நீ கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதை சொன்னதைச் சொன்னாள். அது நம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அதையும் எடுத்துவிட்டார்களே! பிறகு அவள் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தாள். உதடு உன்னைப் போலவே அசைந்தது.

பாவம், இவளும் ஏமாந்துவிட்டாள். "அண்ணிதான், அண்ணிதான்" என்று கத்திக்கொண்டு, நான் பார்க்காத நேரத்தில் சாவியை எடுத்து, உள்கதவைத் திறந்து ஓடிவிட்டாள். ஏற்பாடு சரியாக வேலை செய்தது. உள்கதவு திறந்திருந்ததால் வெளிக்கதவு அசையவில்லை. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவின் பூட்டையும் உள்ளிருந்தே நிரந்தரமாக இறுக்கிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் வீட்டிலேயே பத்திரமானது. வெளியிலிருந்தும் யாரும் தொட முடியாது, உள்ளிருந்தும் முடியாது. அவளை அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். உள்கதவில் சின்னத் திறப்பு இருக்கிறது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கொடுக்கிறேன். கடிதத்தையும் சாமான் பையையும் ஜன்னல் கம்பி வழியாகக் கயிற்றில் பால்காரரிடம் இறக்குகிறேன்.

முதல் நாள் கத்தினாள். இப்போது கத்துவதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். யாருக்கும் கதவைத் திறக்காதே.

தம்பி

ஜூலை 4
உன் வாசற்படியிலிருந்து

என் மருந்துக்காரிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வெளிக்கதவின் அடியில் இருக்கும் இடுக்கு வழியாகத் தள்ளுகிறேன். அதனால் இது அவன் கைக்குப் போகாது. நேராக உன் காலடிக்கு வரும். கூடவே ஒரு பென்சிலையும் தள்ளுகிறேன். கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கேமரா பார்க்காது. இந்த இடுக்கு வழியாக வரும் வெளிச்சம் உனக்குப் படிக்கப் போதும் என்று நினைக்கிறேன்.

அன்று வந்தது நான்தான். நீ சொன்னதுதான் சரி. நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை அம்மா. அவ்வளவு கனத்த இரும்புக் கதவு. உள்ளே சத்தமே இல்லை என்று நினைத்துப் படியில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தேன். நீ ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தாய். அந்தக் கணக்கை நான் கடவுளிடம் பிறகு தீர்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போனேன். "அவங்க வீட்டுக்காரர் வீட்டுல வச்சிருக்கார். வீட்டுல இருக்கிறது ஒரு குத்தமாம்மா?" என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று அவன் கடிதம் வந்தது. இன்று காலை அதை எடுத்துக்கொண்டு அத்தானோடு போனேன். அங்கே இருந்த பெண் காவலர் முழுவதையும் நின்றபடியே படித்தார். இப்போது கத்துவதில்லை என்ற வரிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பிறகு புகார் எழுதச் சொன்னார். உன்னை அடைத்து வைத்திருப்பவன் என் தம்பி என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

"இதுக்குன்னு எங்க பட்டியல்ல ஒரு வரி இருக்கு" என்றார் அத்தான். "ஆளை அடைச்சு வைக்கறதுன்னு. நம்ம பக்கத்துல வருஷா வருஷம் அதுல ஒண்ணுமில்லைன்னுதான் கூட்டியிருக்கேன். யார் வந்து சொல்றது, அடைச்சு வச்சவனா, அடைபட்டவளா?"

இந்த வருடம் அந்த வரியில் ஒன்று இருக்கும். பார்க்கிறவர்கள் குற்றம் கூடிவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது கவனமாகப் படி. கீழே தீயணைப்புக்காரர்கள் கதவை அறுக்கும் இயந்திரத்தோடு நிற்கிறார்கள். சத்தம் கேட்டால் அவன் உள்கதவைத் திறந்து உன்னை இழுத்துவிடுவானோ என்று பெண் காவலர் பயப்படுகிறார். அதனால்தான் கூப்பிடாமல் எழுதுகிறேன். மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். நீ திருப்பித் தட்டவில்லை. காதை வைத்துக் கேட்டேன். மூச்சா, காற்றா என்று தெரியவில்லை.

நீ எந்தப் பக்கம் இருக்கிறாய், நிற்கிறாயா, சுருண்டு கிடக்கிறாயா என்று தெரியாமல் அறுக்க மாட்டோம் என்கிறார்கள். பூட்டு இருக்கும் பக்கம் வெப்பம் தாங்காது. எழ முடிந்தால் கீல் பக்கம் மூலையில் ஒண்டிக்கொள். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுது. எழுதவும் முடியாவிட்டால் இந்தத் தாளை மட்டும் திருப்பித் தள்ளு.

இடுக்குக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் பதில் கொடு.

அண்ணி